சுற்றறிக்கைக்கும் கரும்பலகைக்கும் நடுவே

தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றில் 2003-ஆம் ஆண்டு இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். இன்று அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. பணியில் சேர்ந்த சில ஆண்டுகளிலேயே செயல்வழிக் கற்றல் வந்தது. கரும்பலகை முன்னால் நின்றவர் பாயில் உட்கார்ந்தார். 2010-இல் பொதுப் பாடத்திட்டமான சமச்சீர்க் கல்வி தொடங்கியது. அது நீதிமன்றம் வரை போய், 2011 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகே முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 2012-இல் முப்பருவ முறை, அதனுடன் வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு. 2018-இல் கியூஆர் குறியீடு அச்சிட்ட புதிய பாடநூல்கள். 2020 மார்ச்சில் பள்ளியே மூடப்பட்டது. 2021-இல் இல்லம் தேடிக் கல்வி, 2022-இல் எண்ணும் எழுத்தும். இவற்றுக்கு இடையே வருகைப் பதிவேடு கைப்பேசிக்குள் போயிற்று. 2025 செப்டம்பரில், இத்தனை ஆண்டுகள் கற்பித்த அவரே தகுதித் தேர்வு எழுதியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஒருவரின் பணிக்காலத்துக்குள் இத்தனை மாற்றங்கள். ஆனால் கல்வி மாற்றம் பற்றிய நம் பேச்சில் இரண்டே வகை ஆசிரியர்கள்தான் வருகிறார்கள். புதுமையை ஆர்வத்தோடு அள்ளிக்கொள்பவர் ஒருவர், எதற்கும் அசையாத பழைய ஆள் இன்னொருவர். பள்ளிகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டிலும் சேராதவர்கள். மேலிருந்து வருவதை வாங்கிக்கொள்கிறார்கள். தங்கள் பிள்ளைகள் எப்படிப்பட்டவர்கள், பள்ளியில் எத்தனை ஆசிரியர்கள், அன்றைய நாளில் எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது என்று பார்த்து அதைக் குறைத்து, கூட்டி, மாற்றி நடத்துகிறார்கள். அமெரிக்கக் கல்வி வரலாற்றாளர்களான டேவிட் டையாக்கும் லாரி கியூபனும் ஒரு நூற்றாண்டுச் சீர்திருத்தங்களை ஆராய்ந்து 1995-இல் எழுதிய நூலில், சீர்திருத்தங்கள் பள்ளிகளை மாற்றுவது இருக்கட்டும், பள்ளிகள் சீர்திருத்தங்களை எப்படி மாற்றுகின்றன என்று கேட்டார்கள். தமிழ்நாட்டின் கடந்த இருபது ஆண்டுகளை வைத்துக் கேட்க வேண்டிய கேள்வி இது. அதற்கு விடை தேடினால் இன்னொன்றும் தெரியவருகிறது. இங்கே ஒவ்வொரு திட்டமும் முந்தைய திட்டத்தை மறந்துவிட்டுத் தொடங்குகிறது. முந்தையதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை நினைவில் வைத்திருப்பவர் வகுப்பறையில் இருக்கும் ஆசிரியர் மட்டுமே. அந்த நினைவை யாரும் அவரிடம் கேட்டு வாங்குவதில்லை.

செயல்வழிக் கற்றலைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். இந்தியாவிலேயே ஒரு மாநில அரசு தன் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் கற்பிக்கும் முறையையே தலைகீழாக மாற்ற முயன்ற பெரிய முயற்சிகளில் அது ஒன்று. அதன் வேர் ஆந்திராவில் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி வேலியில் இருக்கிறது. அங்கே பத்மநாப ராவ், ராமா இணையர் 1980-களின் பிற்பகுதியிலிருந்து சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளை நடத்திவந்தார்கள். ஒரே அறையில் ஐந்து வகுப்புப் பிள்ளைகள், ஒரே ஆசிரியர். ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்தினால் மற்ற நான்கு வகுப்புகளும் சும்மா இருக்கும். ஆகவே பாடத்தைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து, ஏணிப் படிகளாக வரிசைப்படுத்தி, ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில் தானே ஏறிச் செல்லும் முறையை உருவாக்கினார்கள். சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமாரின் முன்முயற்சியில் 2003-இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் இந்த முறை தொடங்கப்பட்டது. மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷி வேலிக்கே போய்ப் பார்த்துப் பயின்று, அட்டைகளைத் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு ஏற்ப எழுதினார்கள். பிறகு அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானபோது, 2007-08-இல் 37,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்கு அது விரிந்தது.

வகுப்பறை எப்படி மாறியது? பெஞ்சு போய்ப் பாய் வந்தது. சுவரின் கீழ்ப்பகுதி முழுவதும் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை தீட்டப்பட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம் ஒதுக்கப்பட்டது. தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டி, பிள்ளைகள் வரைந்ததையும் எழுதியதையும் அதில் தொங்கவிட்டார்கள். காலையில் வந்ததும் பிள்ளையே தன் வருகையைக் குறித்துவிட்டு, ஏணி அட்டவணையில் தான் நேற்று நின்ற இடத்தைப் பார்க்கும். அடுத்த படியில் என்ன சின்னம் இருக்கிறதோ அந்தச் சின்னம் போட்ட தட்டிலிருந்து அட்டையை எடுத்துக்கொள்ளும். அந்த அட்டைக்கு எந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். ஆசிரியர் முழுதாக உதவும் குழு, ஓரளவு உதவும் குழு, சக மாணவர் உதவும் குழு, தானே செய்யும் குழு, மதிப்பீட்டுக் குழு உட்பட ஆறு குழுக்கள். மதிப்பீட்டில் தேறினால் அடுத்த மைல்கல். தேறாவிட்டால் குறைதீர் அட்டைகள். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்த பிள்ளை திரும்பி வந்தால், விட்ட படியிலிருந்தே தொடரலாம். ஊர் திருவிழாவுக்கும் செங்கல் சூளைக்கும் பெற்றோருடன் போய்விட்டு வரும் பிள்ளைகள் நிறைந்த பள்ளிகளில் இது சாதாரண விஷயம் அல்ல.

ஆசிரியருக்கு என்ன நேர்ந்தது என்பதே நமக்கு முக்கியம். அவர் அதுவரை ஆசிரியர் என்று அறியப்பட்ட அடையாளங்களில் பல ஒரே ஆண்டில் அவரிடமிருந்து போயின. உரக்கப் படித்துப் பிள்ளைகளைத் திருப்பிச் சொல்ல வைக்கும் குரல், மேசையும் நாற்காலியும், வீட்டுப்பாட நோட்டில் போடும் சிவப்பு மை எல்லாம் போயின. பள்ளியைக் கடந்து செல்லும் பெற்றோருக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம் கேட்கவில்லை. நோட்டைப் புரட்டினால் எழுத்து இல்லை. பாடமே நடப்பதில்லை என்று ஊரில் பேச்சு எழுந்தது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அட்டையை வடிவமைத்த அதிகாரி அல்ல, ஊர்க்காரர்கள் முகத்தில் தினமும் விழிக்கும் ஆசிரியர். முப்பது பிள்ளைகள் முப்பது படிகளில் நிற்கும்போது யார் எங்கே நிற்கிறார் என்பதை மனத்தில் வைத்துக்கொள்வது, முப்பது பேருக்கும் ஒரே பாடத்தை நடத்துவதைவிடப் பல மடங்கு கடினமான வேலை. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு ஆசிரியர் சும்மா உட்கார்ந்திருப்பதாகத் தெரிந்ததும் அப்போதுதான்.

பல பள்ளிகளில் ஆசிரியர்கள் செய்தது இதுதான்: காலையில் ஒரு பாடவேளையை எல்லோருக்கும் பொதுவான கதைக்கும் பாட்டுக்கும் வாசிப்புக்கும் ஒதுக்கினார்கள். அட்டையைக் கணக்குக்கும் எழுத்தறிமுகத்துக்கும் பயன்படுத்தினார்கள். பெற்றோருக்காக நோட்டில் எழுத வைத்தார்கள். பாடநூலையும் கைவிடவில்லை. ஆய்வுக்கு வந்தவர்களுக்கு இது முறையிலிருந்து வழுவுவதாகத் தெரிந்தது. பின்னாளில் எளிமைப்படுத்தப்பட்ட செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் அரசே முறையைத் தளர்த்தியது. ஆசிரியர்கள் சத்தமில்லாமல் முன்பே சென்றடைந்திருந்த இடத்துக்கு அரசாணை பின்னால் வந்து சேர்ந்தது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

இதில் எனக்கு நீங்காத வருத்தம் ஒன்று உண்டு. ரிஷி வேலியில் அந்த முறை பிறந்த காரணம் பல வகுப்புகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற நெருக்கடி. தமிழ்நாட்டில் அது மகிழ்ச்சியான கற்றல், சுமையில்லாக் கல்வி என்ற முகத்தோடு அறிமுகமானது. காரணம் பின்னுக்குப் போய்விட்டது. ஈராசிரியர் பள்ளி ஆசிரியருக்கு அது நேரடியான உதவி. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருக்கும் நகரப் பள்ளிக்கு அதன் தேவையே வேறு. இந்த வேறுபாட்டைப் பேசாமல் எல்லோருக்கும் ஒரே முறை என்று போனதால்தான், உண்மையிலேயே அது தேவைப்பட்ட பள்ளிகளில்கூட அது தன் வேலையை முடிக்காமல் ஓய்ந்தது.

பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கற்பிக்கும் முறையில் சென்னைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கதையும் இருக்கிறது. 1789-இல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைகள் காப்பகத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தன் பள்ளியில் நடத்தச் சொன்னபோது அங்கிருந்த உதவி ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை. பெல் அவர்களோடு மல்லுக்கட்டாமல், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கீழ்வகுப்புக்குக் கற்பிக்க வைத்தார். அது பலித்தது. 1797-இல் அவர் லண்டனில் வெளியிட்ட அறிக்கையிலிருந்து அது மதராஸ் முறை என்ற பெயரில் பிரிட்டன் முழுவதும் பரவியது. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை அங்கே மானிட்டர் ஆனார். ஆனால் அங்கே அதைப் பரப்பியவர்களை ஈர்த்தது பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கற்பிக்கும் அழகு மட்டும் அல்ல. ஓர் ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்ற சிக்கனமும்தான். ஆசிரியர் ஒத்துழைக்காவிட்டால் அவரைத் தாண்டிப் போய்விடலாம் என்ற எண்ணம் கல்விச் சீர்திருத்தத்துக்கு அன்றிலிருந்தே உண்டு. இன்று திறன்பேசிச் செயலி விற்பவர்களிடமும் அதே எண்ணத்தைக் காண்கிறேன்.

தொடர் மதிப்பீட்டின் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஒரே தேர்வில் பிள்ளையின் தலையெழுத்தைத் தீர்மானிக்கக் கூடாது என்ற நல்ல நோக்கத்தோடு வந்தது அது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண். நடைமுறையில் அது பதிவேடுகளாகப் பெருகியது. ஹரியானாவில் இதே மதிப்பீட்டு முறையை அரசுப் பள்ளிகளில் ஆராய்ந்த ஜேம்ஸ் பெர்ரி, ஹரிணி கண்ணன் உள்ளிட்டோர், அதனால் பிள்ளைகளின் கற்றலில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை என்று 2020-இல் எழுதினார்கள். அதே ஆய்வில், வகுப்பு எது என்று பாராமல் பிள்ளையின் நிலையைப் பார்த்து மொழி கற்பித்த பள்ளிகளில் வாசிப்பு மேம்பட்டிருந்தது. பிள்ளை எங்கே நிற்கிறது என்று எழுதி வைப்பது வேறு, அது நிற்கும் இடத்துக்கு இறங்கிப் போய்க் கற்பிப்பது வேறு. இரண்டாவதற்கு ஆசிரியருக்கு நேரம் வேண்டும். முதலாவது அந்த நேரத்தைத் தின்றது.

மேல்நிலைப் பள்ளியில் கதை வேறு விதமாகப் போனது. 2017-இல் பொதுத் தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று தரவரிசை வெளியிடுவது நிறுத்தப்பட்டது. பிளஸ் ஒன் வகுப்புக்குப் பொதுத் தேர்வு வந்தது. 1200 மதிப்பெண் 600 ஆனது. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் கேள்வி வரும் என்று சொல்லும் புளூ பிரிண்ட் கைவிடப்பட்டது. 2018-19-இல் புதிய பாடநூல்கள் வந்தன. வெளியில் இருப்பவருக்கு இவை நிர்வாக மாற்றங்கள். பிளஸ் டூ ஆசிரியருக்கோ இவை அவர் தொழில் செய்த தரையையே மாற்றிய விஷயங்கள்.

எப்படி என்று பார்ப்போம். அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் அல்லது வணிகவியல் ஆசிரியரின் அலமாரியில் மினிமம் மெட்டீரியல் என்று ஒரு கட்டு இருக்கும். மெல்லக் கற்கும் மாணவர் தேர்ச்சி பெறுவதற்கு எந்தெந்தப் பாடங்களைப் படித்தால் போதும், எந்த ஐந்து மதிப்பெண் கேள்வி அடிக்கடி வருகிறது, எந்தப் படத்தை வரைந்தால் பாதி மதிப்பெண்ணாவது கிடைக்கும் என்று பல ஆண்டு வினாத்தாள்களை அலசி எழுதிய குறிப்பு அது. அதை உருவாக்கத் திறமை வேண்டும், பாடத்தின் எலும்பு எது சதை எது என்று தெரிய வேண்டும். வீட்டில் முதல் ஆளாகப் பன்னிரண்டாம் வகுப்பைத் தொடும் பிள்ளை, தேர்ச்சி பெறாமல் வீட்டோடு நின்றுவிடாமல் கல்லூரி வாசலை மிதித்ததற்குப் பின்னால் பல ஊர்களில் இந்தக் கட்டு இருக்கிறது. அதே கட்டுதான் பாடநூலைத் திறக்காமலே பிளஸ் டூ முடித்த ஒரு தலைமுறையையும் உருவாக்கியது. ஆசிரியர் ஏன் அதை எழுதினார்? மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் அவரிடம் கேட்கப்பட்டது தேர்ச்சி விழுக்காடு. எதைக் கேட்கிறார்களோ அதற்குத்தான் மனிதர்கள் தகவமைகிறார்கள். ஆசிரியரின் தகவமைப்பு எப்போதும் பிள்ளைக்கு நன்மையாகவே முடிவதில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

புளூ பிரிண்ட் போனதும் அந்தக் கட்டின் மதிப்பு சரிந்தது. பாடத்தின் பின்பக்கக் கேள்விகளை மட்டும், அதாவது புக் பேக்கை மட்டும், நம்ப முடியாது என்றானது. பத்தாண்டுகளுக்கும் மேலாக ஒரே நூலை நடத்தியவர்கள் புதிய நூலைப் பாடவேளைக்கு முந்தைய இரவு படித்துவிட்டுப் போனார்கள். ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் கணக்கின் தீர்வுகளும் அலகு வாரியான வினாக்களும் மாவட்டம் விட்டு மாவட்டம் பறந்தன. யாரும் உத்தரவிடாமல், யாரும் பயணப்படி கொடுக்காமல் நடந்த பணியிடைப் பயிற்சி அது. அந்தப் பாடநூல்களை எழுதிய குழுக்களிலேயே அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பலர் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நூலின் பக்கச் சுமை அதிகம் என்ற குறையும் அவர்கள் சக ஆசிரியர்களிடமிருந்தே எழுந்தது. விவாதம் தொழிலுக்குள்ளேயே நடந்தது. அது ஆரோக்கியமானது.

கொரோனா காலத்துக்கு வருவோம். 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஏறத்தாழ 19 மாதங்கள். கல்வித் தொலைக்காட்சி பாடம் ஒளிபரப்பியது. திறன்பேசி இருந்த வீடுகளுக்கு வாட்ஸ்அப்பில் பாடத்தாள் போனது. இல்லாத வீடுகளைத் தேடி ஆசிரியர்களில் ஒரு பகுதியினர் நடந்தார்கள். கோயில் மண்டபத்திலும் மரத்தடியிலும் சிறு குழுக்களாகப் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். எல்லோரும் அப்படிச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது.

பள்ளி திறந்தபோது பிள்ளைகள் இழந்திருந்தது எவ்வளவு? அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளிடம் செய்த ஆய்வு இதற்கு அரிய சான்று. அவர்களிடம் 2019-லேயே, பெருந்தொற்றுக்கு முன்பே எடுத்த அளவீடு கையில் இருந்தது. 2021 டிசம்பரில் பார்த்தபோது கணக்கிலும் தமிழிலும் பிள்ளைகள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள், கணக்கில் இன்னும் மோசமாக. ஆனால் பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் அந்தப் பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிவிட்டது.

அந்த மீட்சியில் சுமார் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்ட அந்தத் திட்டத்தில் சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 1990-களின் அறிவொளி இயக்கத்தை நினைவில் வைத்திருக்கும் மாநிலத்துக்கு இது புதிதல்ல என்றாலும் பெருமைக்குரிய பணிதான். ஊடகங்களில் பேசப்பட்டதும் இந்த 24 விழுக்காடு. எஞ்சியதைப் பற்றிப் பேச்சே இல்லை. பள்ளி திறந்து, வகுப்பு வழக்கம்போல நடந்து, பிள்ளையும் வீடும் ஆசிரியரும் சேர்ந்து மீட்டெடுத்த பங்கு அதில்தான் இருக்கிறது. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தும் முதல் வகுப்புக்கான எழுத்தே தெரியாத பிள்ளைகளிடம் தொடங்கி, ஆசிரியர்கள் அந்த ஆறு மாதங்களில் பாடத்தை எப்படி மறுவரிசைப்படுத்தினார்கள்? எதை விட்டார்கள், எதை முதலில் எடுத்தார்கள்? அதற்குத் திட்டப் பெயர் இல்லை, சின்னம் இல்லை, தொடக்க விழா இல்லை. எனவே பதிவும் இல்லை. தமிழ்நாட்டுக் கல்வியின் அண்மை வரலாற்றில் மிகப் பெரிய ஆசிரியர் சாதனைகளில் ஒன்று இப்படி எழுதப்படாமலே போய்க்கொண்டிருக்கிறது.

2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும், முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கி அடுத்த ஆண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் போனது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது இலக்கு. பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கப்பட்டு, அவரவர் நிலைக்கான பயிற்சி நூலில் வேலை செய்கிறார்கள். செயல்வழிக் கற்றலில் பழகிய ஆசிரியருக்கு இது தெரிந்த வேலைதான். ஏணியின் படிகளைப் பார்த்துக் குழு பிரித்தவருக்கு அரும்பையும் மொட்டையும் பிரிப்பது கடினமில்லை. ஆனால் வட்டார வள மையத்தில் நடந்த பயிற்சிகளில் அது புதிய முறையாகவே முன்வைக்கப்பட்டது. நீங்கள் பத்தாண்டு செய்ததில் எது நின்றது என்ற கேள்வியோடு அந்தப் பயிற்சி தொடங்கியிருந்தால் எவ்வளவு தூரம் முன்னே போயிருக்கலாம்!

ஈராசிரியர் பள்ளி ஒன்றின் காலைப்பொழுதைப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்பு, ஐந்து பாடம், இரண்டு பேர். ஒருவர் தலைமையாசிரியர். காலை உணவு முடிந்து பிள்ளைகள் உட்கார்ந்ததும் வருகையைச் செயலியில் ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லாத ஊரில் ஆசிரியர் வாசலுக்கு வந்து கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்கிறார். உள்ளே மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில். கழித்தல் கணக்கு. அரும்பு நிலைப் பிள்ளைகள் புளியங்கொட்டையை எண்ணி எடுத்து வைக்கிறார்கள். மொட்டு நிலையினர் 32-இலிருந்து 15-ஐக் கழிக்க வேண்டும். ஒரு பிள்ளை 23 என்று எழுதியிருக்கிறது. இரண்டிலிருந்து ஐந்து போகாது என்பதால் ஐந்திலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறது. இது கவனக்குறைவு அல்ல. சின்ன எண்ணைப் பெரிய எண்ணிலிருந்துதான் கழிக்க வேண்டும் என்று எப்போதோ கற்ற விதியைப் பிள்ளை உண்மையாகக் கடைப்பிடித்திருக்கிறது. ஆசிரியர் பத்துக் குச்சிகள் கொண்ட கட்டு ஒன்றை அவிழ்த்து, இப்போது எண்ணச் சொல்கிறார். அதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்துக்குள் அடுத்த அறையிலிருந்து தலைமையாசிரியர், வட்டாரக் கல்வி அலுவலகம் கேட்ட விவரம் ஒன்றை உடனே அனுப்ப வேண்டும் என்கிறார்.

நவீனக் கல்விக்கு ஆசிரியர் தகவமைவது என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் அந்த ஐந்து நிமிடத்தைத்தான் காட்டுவேன். 23 என்ற விடை தவறு என்று எந்தச் செயலியும் சொல்லிவிடும். ஏன் 23 வந்தது என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து, குச்சிக் கட்டை அவிழ்க்கத் தெரிவதுதான் தொழில். அந்த நேரத்தை அடுத்தடுத்த திட்டங்கள் கடன் வாங்கிக்கொண்டே இருக்கின்றன. எமிஸ் என்ற கல்வி மேலாண்மைத் தகவல் தளத்தின் பதிவேற்றப் பணிகளுக்கு எதிராக ஆசிரியர் சங்கங்கள் திரும்பத் திரும்பப் போராடியதை வேலை செய்ய மறுப்பதாகப் படிப்பவர்கள், ஒரு நாள் முழுக்க ஓர் ஈராசிரியர் பள்ளியில் உட்கார்ந்து பார்க்கட்டும். பதிவேற்றத்துக்கு அவர்கள் காட்டிய எதிர்ப்பில் பெரும்பகுதி பாடவேளையைக் காப்பாற்றும் முயற்சி.

தொழில்நுட்பத்தையே ஆசிரியர்கள் வெறுப்பதாகவும் நினைக்க வேண்டாம். செயற்கை நுண்ணறிவில் வினாத்தாள் தயாரிப்பவர்கள், ஆங்கில விளக்கத்தை எளிய தமிழில் கேட்டு வாங்குபவர்கள் இப்போதே பள்ளிகளில் இருக்கிறார்கள். அதில் வரும் பிழைகளைத் திருத்துபவர்களும் அவர்களே. பிள்ளைகள் வீட்டு வேலையை இயந்திரத்திடம் கேட்டு எழுதிவருவார்கள் என்ற கவலை புதிது போலப் பேசப்படுகிறது. பிரவுசிங் சென்டரில் அச்செடுத்து ஒட்டிய செயல்திட்ட நோட்டுகளை ஒரு தலைமுறையாகப் பார்த்த ஆசிரியர்கள், அந்த நோட்டைப் புரட்டாமல் பிள்ளையை எழுப்பி நிற்க வைத்து வாய்மொழியாகக் கேட்கும் வழக்கத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். அந்த வழக்கம்தான் இனியும் கைகொடுக்கும். ஒரு வகுப்பில் ஐம்பது பேர் இருந்தால் அதற்கு நேரம் எங்கே என்பதுதான் மீண்டும் கேள்வி.

கடைசியாகத் தகுதித் தேர்வு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்ட்டில் அறிவித்த இத்தேர்வு தமிழ்நாட்டில் 2012 ஜூலையில் முதன்முறை நடந்தபோது, எழுதியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அந்த முடிவு ஆசிரியர்களைப் பற்றி எவ்வளவு சொன்னதோ அதே அளவு தேர்வைப் பற்றியும் சொன்னது. சில மாதங்களில் மறுதேர்வு நடத்த வேண்டியிருந்தது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் பணிக்காலம் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தகுதி வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. பிள்ளைக்குத் தரமான ஆசிரியர் கிடைப்பது அதன் உரிமை. ஆனால் 2003-இல் சேர்ந்தவரின் தகுதியை அளக்கும்போது அவர் கடந்துவந்தவற்றுக்கு எந்த எடையும் இல்லை என்பதை ஏற்க மனம் வரவில்லை. கொள்குறி வினாக்களில் குழந்தை உளவியல் கேட்கப்படும். 32-இலிருந்து 15-ஐக் கழித்து 23 என்று எழுதிய பிள்ளையிடம் அவர் என்ன செய்வார் என்று பார்க்க அதில் வழி இல்லை.

செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அதற்குப் புதிய நிதியும் தேவையில்லை. குறுவள மையக் கூட்டங்கள் இப்போதும் நடக்கின்றன. அங்கே பத்து, பதினைந்து பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடி, பெரும்பாலும் மேலிருந்து வந்த காணொலியைப் பார்த்துவிட்டுக் கலைகிறார்கள். அந்த நேரத்தில் பாதியை அவர்கள் கையில் கொடுக்கலாம். செயல்வழிக் கற்றல் அட்டைகளில் எவற்றை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறீர்கள், ஏன் என்று கேட்கலாம். 2021 நவம்பருக்கும் 2022 மே மாதத்துக்கும் இடையே முதலில் எதைக் கற்பித்தீர்கள் என்று எழுதி வாங்கலாம். கடன் வாங்கிக் கழிப்பதில் எத்தனை விதமாகப் பிள்ளைகள் தவறுகிறார்கள் என்ற பட்டியலை ஒரு மாவட்டம் தொகுத்தால், அதுவே அடுத்த பயிற்சி நூலின் முதல் அத்தியாயமாக முடியும். மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களுக்கும் இதைத் தொகுக்கும் ஆட்களும் பொறுப்பும் உண்டு. அவசரமும் இருக்கிறது. 2003-ஐ ஒட்டிப் பாயில் உட்கார்ந்து ஏணி அட்டையைப் பிரித்த தலைமுறையில் மூத்தவர்கள் ஒவ்வொரு மே மாதமும் ஓய்வு பெற்றுப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.